ஞாயிற்றுக்கிழமை ஜோடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று சலவைக்கூடத்தில் அறுநூறு படுக்கை விரிப்பு மடித்தோம். ஆஸ்பத்திரியில் நிஜமாகவே இத்தனை பேர் படுத்திருக்கிறார்களா, இல்லை ஒரே ஆள் ஓடி ஓடி எல்லாக் கட்டிலிலும் புரள்கிறானா? என் ஜோடியிடம் கேட்டேன். சிரிக்கவில்லை. பேசாத அண்ணன் அவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, அதில் இரண்டு "ம்".

விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், உதறிவிட்டு நடந்து வந்து சேர்க்கணும். பதினோரு வருஷம் அந்த முனையில் என் சிநேகிதி நெட்டைதான் நின்றாள். ஜனவரியில் சூப்பர்வைசர் மேடம் எங்களைப் பிரித்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா கையைவிட வாய்தான் வேகமா ஓடுது."

இப்போது நெட்டைக்கு ஜோடி, புதிதாக வந்த ஒருத்தி. முன்னே துணிக்கடையில் இருந்தவளாம். எப்போதும் கழுத்துவரை பட்டன் போட்டிருப்பாள். பட்டன் என்றே பேர் வைத்துவிட்டேன். சலவைக்கூடம் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது. பேர் வைக்கிறதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மார்ச் 5, வியாழன்

நெட்டையின் மகள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள். 21ஆம் தேதி விழா. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அம்மாவே மேடையேறி பேட்ஜ் குத்தணுமாம். "அத்தனை பேர் முன்னாடி என்னத்தடி போட்டுக்கிட்டு நிக்கிறது?" என்றாள். மாலுக்குப் போவோம், நான் எடுத்துத் தர்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "15ஆம் தேதி ஞாயித்துக்கிழமை பட்டனைக் கூட்டிக்கிட்டு மாலுக்குப் போறேன். அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி."

திறந்த வாயை என்ன செய்வது? கொட்டாவி மாதிரி ஆக்கி மூடிக்கொண்டேன்.

மார்ச் 6

வருஷத்துக்கு ஒரு தரம் நானும் அவளும்தானே போவோம்? அவளுக்கு எல்லாமே நான் எடுத்துக் கொடுத்ததுதானே?

மார்ச் 8, ஞாயிறு

"ஏன் பாத்திரத்தைப் போட்டு அடிக்கிற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பாத்திரம்தான் முதல்ல கை நீட்டுச்சு என்றேன். "பொறாமையா?" என்றார். எனக்கா? அந்தப் பட்டன் மேலயா? சீ!

ஆமாம், பொறாமைதான். நோட்டிடம் என்ன வெட்கம்.

மார்ச் 9, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் சோப்புப் பெட்டி அட்டையைக் கிழித்து, பட்டன் அந்த மால் முழுக்க வரைந்து காட்டினாள். வாசல் இங்கே, படிக்கட்டு இங்கே, பெண்கள் உடுப்பு இரண்டாம் மாடியில். பத்து மணிக்குக் கடை திறந்ததும் நுழைந்துவிட வேண்டுமாம், அப்போதுதான் டிரயல் ரூம் காலியாக இருக்குமாம். மூன்று உடுப்புக்கு மேல் உள்ளே விடமாட்டார்களாம். கழற்றி மாட்ட லேசான செருப்பு போட்டு வரணுமாம். நெட்டை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு கேட்கிறாள். "உங்க உயரத்துக்கு நீளமான கவுன் எடுப்பா இருக்கும்கா" என்கிறாள் அந்த மகராசி.

"போருக்கா போறீங்க? பீரங்கி எங்க?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நெட்டை மட்டும் அட்டையைப் பார்த்தபடியே இருந்தாள்.

அந்த அட்டையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அட்டைக்கு வந்த வாழ்வைப் பாரு!

மார்ச் 10, செவ்வாய்

மேடத்திடம் போனேன். "பட்டன் வந்து ரெண்டு மாசமாச்சு, ஒரு ஞாயித்துக்கிழமைகூட வேலைக்கு வரலையே மேடம்? இந்த வாரமே பழக வேண்டாமா?" என்றேன். பால் குடிக்கிற பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். "நல்ல யோசனை" என்றார்.

பட்டன் ஞாயிற்றுக்கிழமை வேலையில் மாட்டினால் நெட்டைக்குத் துணை யார்? நான்தான். ராத்திரி நன்றாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 11, புதன்

பலகையில் 15ஆம் தேதிக்கு எழுதியிருக்கிறது. மூன்றாம் ஜோடி. பட்டன். பக்கத்தில் நெட்டை.

ஐயோ. ஜோடியாகத்தானே போடுவார்கள்! ஒற்றை ஆள் எப்படி விரிப்பு மடிப்பாள்? பதினோரு வருஷம் இதே வேலை பார்க்கிறேனே, இது எப்படி மறந்தது? மறக்கவில்லை. என் புத்தியில் நெட்டை இன்னும் என் ஜோடி. பட்டனைத் தள்ளினால் பட்டன் மட்டும்தான் விழுவாள் என்று நினைத்துவிட்டேன்.

நெட்டை பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 12, வியாழன்

இன்றைக்கு எழுதவே கை வரல. எழுதித்தான் தீரணும்.

சாப்பிடும்போது நைசாக நெட்டை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கிழமை போனா போகுது, விடுடி. நாளைக்குச் சாயங்காலம் நாம ரெண்டு பேரும் போவோம்."

"வேண்டாம்."

"ஏன்? சாயங்காலம் பட்டனால வர முடியாதே. பிள்ளையைக் கூப்பிடப் போகணும்ல?"

"அதுக்கில்ல. உன்கூட வேண்டாம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் சொன்னாள், விரிப்பு மடிக்கிற மாதிரி நிதானமா. "போன வருஷம் டிரயல் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? அது கவுனா, விளக்குக் கம்பத்துக்கு உறையான்னு கத்தினே. கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்புறம் பாத்ரூம் போறேன்னு போனேனே, கால் மணி நேரம் உள்ள நின்னு அழுதேன்டி."

எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நல்ல ஜோக்குன்னு வீட்ல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். கால் மணி நேரம் என்னடி பண்றேன்னு கதவைத் தட்டிக்கூட கேலி பண்ணேன்.

"அதுக்கப்புறம் எதையுமே போட்டுப் பார்க்கல. மேடைக்காவது ஒண்ணு நல்லதா, யாரும் சிரிக்காம... அதுக்குத்தான் பட்டனைக் கேட்டேன்."

பதினோரு வருஷமா நெட்டை நெட்டைன்னு கூப்பிடுறேனே. அதுக்கும் இப்படித்தான் சிரிச்சிருப்பாளோ?

மார்ச் 13, வெள்ளி

மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு வயசு என்ன?" என்றார். நாற்பத்தெட்டு என்றேன். "அப்படித் தெரியலையே" என்றார். பாராட்டு இல்லை அது.

முதலில் ஞாயிறு வேலைக்கு இருந்த ஜோடி ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாம். மூன்றாம் ஜோடியில் யாராவது ஒருத்தருக்குப் பதிலாக நான் வரலாம், அவ்வளவுதான். இன்னொருத்தருக்குப் பதிலாக வரச் சொல்லி பேசாத அண்ணனையும் கேட்டுப் பார்த்தேன். "முடியாது." நாலில் ஒரு வார்த்தை போச்சு.

பட்டனுக்குப் பதிலாக நான் வந்தால் நாள் முழுக்க எதிர் முனையில் என் பழைய ஜோடி. ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், கொஞ்ச நேரம் யோசித்தேன்.

அவளுக்குப் பதிலாக என் பேரை எழுதச் சொன்னேன். மாலுக்குத் தனியாகப் போகப் பயந்தாள். பட்டன் அந்த அட்டையில் இன்னும் நாலு அம்புக்குறி போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலிருந்து பட்டனும் நானும் எதிரும் புதிருமாக. அவள் இடது பக்கத்தை முதலில் மடிக்கிறவள், நான் வலது. முதல் ஐம்பது விரிப்பு முறுக்கிக்கொண்டது.

வாய் சும்மா இருக்குமா? "மேடத்துக்கிட்ட ஏத்திவிட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும்கா. மேடம் சொன்னாங்க."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. ரெண்டு மாசமா இருக்கு. அந்தக்கா எதைப் பேசினாலும், இதுக்கு அவ இருந்தா என்ன சொல்லுவா தெரியுமான்னு உங்க பேச்சுத்தான். நான் அந்த முனையில ஆணியில மாட்டின துணி மாதிரி நிப்பேன்."

நான் விரிப்பை நழுவவிட்டேன். இவளுக்கு என்மேல் பொறாமையா! இது தெரியாமல் எத்தனை பாத்திரத்தை அடித்தேன்.

பதினொன்றரைக்கு மாலிலிருந்து பட்டன் போனுக்குப் படங்கள் வந்தன. டிரயல் ரூம் கண்ணாடியில் மூன்று கவுன். ஒன்று சாம்பல், ஒன்று பூப்போட்டது, ஒன்று கருநீலம். எது என்று கேட்டிருந்தாள். பட்டன் பூப்போட்டது என்றாள். நான் சாம்பல் என்றேன். பூப்போட்டதைப் பார்த்ததும் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது, அருமையான ஒன்று. விழுங்கினேன். மருந்து மாதிரி இறங்கியது.

"அவளுக்கே தெரியும்னு எழுது" என்றேன்.

மார்ச் 21, சனி

கருநீலம் எடுத்திருக்கிறாள். எங்கள் ரெண்டு பேருக்கும் பெப்பே.

கடைசி வரிசையில் நானும் பட்டனும் உட்கார்ந்தோம். என் பழைய ஜோடி மேடையேறி மகளுக்கு பேட்ஜ் குத்தினபோது முதுகு நேராக நின்றது. இத்தனை வருஷமும் என் பக்கத்தில் குனிந்தே நின்றிருக்கிறாள். நிமிர்ந்தால் இவ்வளவு உயரமா அவள்?

வெளியே வந்து என் முன்னால் நின்றாள். "சொல்லு."

"நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"உடம்பு கிடம்பு சரியில்லையாடி உனக்கு?" நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த மாசம் மகள் வேலையில சேர்றா. அவளுக்கு ரெண்டு துணி எடுக்கணும். நீயும் வா. வாயையும் கொண்டு வா. ஆனா வாசல்ல நிக்காத, உள்ள வந்து என் காதுல சொல்லு."

சரி என்றேன். பட்டனையும் கூப்பிட்டிருக்கிறாளாம். கேட்டதும் வயிறு எரிந்தது. லேசாகத்தான்.