உனக்கு மட்டும் எழுதியது

லோத்குண்டா,
9.3.2025

மகள் ஜூடித்துக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே குறை ஒன்றுமில்லை. அங்கே உன் சுகத்துக்கு எழுது.

உன் உறை வந்தது. உள்ளே இருந்த வக்கீலின் தாளை நான்கு முறை படித்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் ராணுவப் பட்டறை ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷில் ரிஜிஸ்டர் எழுதியவன். புரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

‘என் மகளின் திருமணத்தை மனமார ஏற்று ஆசீர்வதித்தேன்’ என்று அதில் இருக்கிறது. நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். எப்படிப் போடுவேன்? 2019இல் பதிவு அலுவலகப் பலகையில் உங்கள் இருவர் பெயரும் முப்பது நாள் ஒட்டியிருந்தபோது எதிர்ப்பு மனு கொடுத்தவன் நான். தள்ளுபடி செய்தார்கள். அதன் நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. போதகர் இல்லாமல், ஒரு ஜெபமும் இல்லாமல் நடந்ததை நான் ஆசீர்வதித்தேன் என்று சொன்னால் அது பொய்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். உன் வக்கீலின் இங்கிலீஷில் இரண்டு பிழை. சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஹம்சா, “அங்கிள், ஜூடித் லைன்ல இருக்கா, ஒரு வார்த்தை பேசிடுங்க” என்று செல்லை நீட்டினாள். “நக்கோம்மா, வேண்டாம்” என்றேன். உன்னோடு பேச மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா,
சா. கிதியோன்

*

ஹூஸ்டன்,
2.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜூடித்தின் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். திருத்திய தாளை வக்கீலிடம் காட்டினேன். இரண்டும் பிழைதான் என்று ஒப்புக்கொண்டார்.

அப்பா, கோபப்படாமல் படியுங்கள். கலியாணத்தின் பேரில் இங்கே வந்த எனக்கு முதலில் இரண்டு வருஷக் குடியிருப்பு அட்டைதான் கொடுத்தார்கள். அது முடியும்போது, எங்கள் கலியாணம் உண்மையானது என்று நாங்கள் இருவரும் சேர்ந்து மனுப்போட வேண்டும். 2023இல் போட்டோம். இன்னும் முடிவில்லை. அட்டை காலாவதியாகிவிட்டது. ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். குடியுரிமை மனுவும் அதன் பின்னால் நிற்கிறது.

சாய்குமாருக்கு டாலஸில் வேலை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். வாரத்தில் ஐந்து நாள் தனித்தனி வீடு. பிள்ளை இல்லை. கலியாணப் படங்கள் ஒன்பது, அவற்றில் ஒன்றிலும் பெண் வீட்டார் இல்லை. ‘உங்கள் பெற்றோர் எங்கே? அட்டைக்காகச் செய்துகொண்ட கலியாணமா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். மனுவைத் தள்ளினால் என்னை நாட்டைவிட்டு அனுப்பும் வழக்கு தொடங்கும். அவர் இந்த நாட்டுக் குடிமகன். அவரை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

ஆசீர்வதித்தேன் என்று எழுத வேண்டாம். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த உண்மையை மட்டும் எழுதுங்கள். அது எதுவாக இருந்தாலும் சரி.

உங்கள் மகள்,
ஜூடித்

*

லோத்குண்டா,
4.5.2025

மகள் ஜூடித்துக்கு,

அப்பா எழுதுவது. உண்மையைக் கேட்டாய். எந்த அதிகாரி முன்னாலும் என் வீட்டை விரித்துவைக்க மாட்டேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. மாரெட்பள்ளியில்தான் வளர்ந்தான். இங்கிருந்து எவ்வளவு தூரம்? உன்னைக் கேட்டு ஒருநாள் என் வீட்டுப் படி ஏறினானா? நேராகப் போய்ப் பலகையில் பெயரை ஒட்டினான்.

போன வருஷம் அம்மா தவறியபோது நீ தனியாக வருவாய் என்று நினைத்தேன். அவனும் வந்தான். யார் கூப்பிட்டார்கள்? திருமுல்கேரி கல்லறைத் தோட்டத்துக்குள் அவன் கால் வைக்கக் கூடாது என்று சொன்னேன். ஏப்ரல் வெயிலில் வெளியே மூன்று மணி நேரம் நின்றான். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் நிழல் இருந்தது. போகவில்லை. நீ உள்ளே இருந்து பார்த்தால் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றான். உன் கைப்பையைக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தான். ஒரு ஆட்டோக்காரர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மீதியை உனக்கென்று மூடி வைத்தான். எல்லாவற்றையும் பார்த்தேன். கூப்பிடவில்லை. இன்றைக்கும் கூப்பிட மாட்டேன்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மா எனக்குத் தெரியாமல் அவனோடு ஃபோனில் பேசுவாள். எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். கடைசி வாரம் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்து, “தம்பி” என்றாள். அவனோடு பேசுகிற அதே குரல். “நீங்க மாமாவத் தப்பா நெனைக்காதீங்க தம்பி. அவுகளுக்குக் கோவம் ஏறுனா எறங்கத் தெரியாது. உள்ள ஒண்ணும் இல்ல” என்றாள்.

நான் கிதியோன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சரி அத்தை” என்றேன். அதற்குப்பிறகு மூன்று நாள் அவளுக்கு நான் அவனாகவே இருந்தேன். நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு அவள் சொல்லிவிட்டுப் போக ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

நீ கேட்ட உண்மை இதுதான்.

உன் அப்பா,
சா. கிதியோன்

*

ஹூஸ்டன்,
21.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜூடித்தின் வணக்கம். பத்து வருஷ அட்டை வந்துவிட்டது. இனி என்னை யாரும் அனுப்ப முடியாது. குடியுரிமைக்கு அடுத்த வருஷம் கூப்பிடுவார்களாம்.

நேர்முகத்தில் அதிகாரி அம்மாள் ஒரு காகிதத்தை இரண்டு முறை படித்தார். “இப்படி ஒரு தகப்பனை யாராலும் கற்பனை செய்து எழுத முடியாது” என்றார். எங்கள் படங்களை அதற்குப்பிறகு அவர் திறக்கவே இல்லை.

அது உங்கள் மே மாதக் கடிதம் அப்பா. கெடு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. மொழிபெயர்த்துச் சான்று போட்டுத் தர வேண்டும் என்றார் வக்கீல். மாரெட்பள்ளி ஜெராக்ஸ் கடை பத்மநாபன் அங்கிளுக்குச் செல்லில் படம் எடுத்து அனுப்பினேன். தமிழும் இங்கிலீஷும் நன்றாகத் தெரிந்தவர் எனக்கு வேறு யார்? உங்களைக் கேட்டால் கூடாது என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. தப்புதான்.

அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு சாய்குமார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டிசம்பரில் இருவரும் வருகிறோம். வெளியே நிற்கச் சொன்னாலும் நிற்பார். இந்தத் தடவை உள்ளே கூப்பிடுவீர்களா?

உங்கள் மகள்,
ஜூடித்

*

லோத்குண்டா,
19.10.2025

ஜூடித்துக்கு,

உன் கடிதம் வரும் முன்பே எனக்குத் தெரியும்.

செப்டம்பர் முதல் வாரம் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். மாரெட்பள்ளி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பத்மநாபன் எழுந்து நாற்காலி கொடுத்தார்.

“உக்காருங்க சார். ஒங்க லெட்டர டைப் பண்றப்ப, அந்த ‘சரி அத்தை’ வருதில்ல, அங்க கை ஓடல எனக்கு. பாமாவக் கூப்ட்டுப் படிச்சுக் காட்டுனேன். அவளும் அழுதுட்டா.”

“எந்த லெட்டர்?” என்றேன்.

“என்ன சார், மறந்துட்டீங்களா? மாப்ளைய வெயில்ல நிக்கவெச்சு வாரு வாருன்னு வாரியிருக்கீங்களே, அதான். ஆனா உள்ளுக்குள்ள அவர் மேல பிரியம்தான் சார் ஒங்களுக்கு. ஹவ் சார், ஆமா, படிச்சா தெரியுது.”

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். பத்மநாபன் கெட்ட மனிதர் இல்லை. மறுநாள் அவர் மனைவி பாமா ஒரு டப்பாவில் கேசரி கொடுத்தனுப்பினார். திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உனக்கு அட்டை கிடைத்தது நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உன் அம்மா நினைவு தப்பிச் சொன்ன வார்த்தை ஒரு அரசாங்கக் கோப்பில் எண் போட்டுக் கிடக்கிறது. அவள் அதற்குச் சம்மதிக்கவில்லை. நானும் சம்மதிக்கவில்லை.

டிசம்பரில் வர வேண்டாம். குடியுரிமைக்கு இன்னொரு கடிதம் தேவைப்பட்டால் பத்மநாபனிடம் கேள். அவருக்கு என் நடை வந்துவிட்டது.

ஜெராக்ஸ் கடைக்கு நான் எடுத்துப்போனது மூன்று பக்கம். மூன்றாம் பக்கம் சாய்குமாருக்கு எழுதியது. நகல் எடுக்காமலே வீட்டுக்கு வந்து மூன்றையும் கிழித்துப்போட்டேன். அதன்பின் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். எழுத வரவில்லை.

சா. கிதியோன்