நவமணியின் கட்டத்தை அழிக்காதே

அன்பு மகள் ஷாமினிக்கு,

அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று முருகனை நம்பி இருக்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஈப்போவில் தினமும் சாயங்காலம் மழை, வீட்டில் எல்லாம் சுகம், என்னுடைய ரத்த அழுத்தத்தைத் தவிர. அது ஞாயிற்றுக்கிழமை ஏறியது, இன்னும் இறங்குவேனா என்கிறது. நேற்று போனில் வம்ச மரத்தில் கை வைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேனே, அதன் காரணத்தைத்தான் எழுதுகிறேன். வாட்சாப்பில் எழுதலாமே என்பாய். போன தடவை மகேந்திரன் மாமாவைப் பற்றி உனக்கு அனுப்பியது குடும்பக் குரூப்பில் போய் விழுந்து நான் பட்ட பாடு போதும் தாயே.

மாமாவின் மகனிடம் ஆஸ்திரேலியாவில் குடும்பப் பெயர் கேட்டார்கள் என்று அவன் கொள்ளுத்தாத்தா ஐயாவுவின் பெயரைப் போட்டுக்கொண்டான் அல்லவா, அதிலிருந்து மாமாவுக்குப் பெயர்ப் பித்துப் பிடித்துக்கொண்டது. ஐயாவு குடும்பப் பெயர் ஆராய்ச்சிச் சங்கம் என்று ஆரம்பித்து, தானே தலைவராகி, உன்னையும் கம்ப்யூட்டரில் மரம் போட வைத்தார். என் பெரியப்பா மகன் செய்கிறாரே என்று நானும் சந்தோஷப்பட்டேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய மனுஷனின் பெயரைச் சட்டையில் அச்சடித்துப் பேரன் பேத்திகள் எல்லாம் போட்டுக்கொண்டால் யாருக்குத்தான் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். உன் நவமணி சித்தி தீபாவளிக்கு எடுத்து உடுத்தாமல் வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டாள். உறுப்பினராகப் பெயர் கொடுக்கப் பேனாவைக் கையில் எடுக்கிறாள், உன் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் சொல்கிறார், “நவமணி, நீ விருந்தாளியா உக்காந்து சாப்புட்டுட்டுப் போ, எப்ப வேணும்னாலும் வரலாம். ஆனா உறுப்பினர்னா ரத்த வழிதான்லா. எல்லார் எச்சிலையும் எடுத்து டிஎன்ஏ டெஸ்டுக்கு அனுப்பப் போறோம், நீ சேர்ந்தா ரிசல்ட் குழம்பிடும்” என்று. அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு “பரவால்ல அண்ணே” என்றாள். அவ்வளவுதான்.

அதே மேசையில் மருமகள்களுக்கெல்லாம் உறுப்பினர் சட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் ஷாமினி. அவர்கள் உடம்பில் ஐயாவு தாத்தாவின் ரத்தம் எங்கே ஓடுகிறது? அவர்களைச் சேர்த்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, அவர்களும் நம் பிள்ளைகள்தான். இவள் மட்டும் யாராம்? செமோரில் காய்கறித் தோட்டம் போட்ட சீனக் குடும்பம் ஒன்று, பிறந்த நேரம் அப்பனுக்கு ஆகாது என்று பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு தவித்தபோது, எங்கள் அம்மா தன் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டுப் பால் கட்டி அழுதுகொண்டிருந்தார். உன் தாத்தா பத்துமலைதான் அந்தக் குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவளுக்கு நவமணி என்று பெயர் வைத்தார்கள், அவள் அடையாள அட்டையில் அப்பா பெயராகப் பத்துமலை என்றுதான் இருக்கிறது. இன்றைக்கும் மார்க்கெட்டில் மீன்கடை முதலாளி இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கான்டனீஸ் சீனத்தில் பேசுவார், இவள் “எனக்குப் புரியாதுலா தௌக்கே, தமிழ்ல இல்லன்னா மலாயில பேசுங்க” என்பாள். அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அள்ளிக் கொட்டியது யார்? இந்தத் தலைவர் பழக்கூடையோடு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

எழுந்து நின்றேன். உன் அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், உட்காரவில்லை. மாமாவின் மனைவி மங்களத்தைப் பார்த்துக் கேட்டேன், “மங்களம், ஒன் தாலில மொத முடிச்சுதான் அவன் போட்டான், மத்த ரெண்டு முடிச்சப் போட்ட நாத்தனாரு யாருன்னு இந்தச் சபையில சொல்லு” என்று. மாமாவுக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. சித்தப்பா மகள் நவமணிதான் பின்னால் நின்று கட்டினாள், அன்றைக்கு இந்த ரத்தம் எங்கே போயிருந்தது? அவரையே பார்த்து, அவள் சொந்தம் இல்லை என்றால் உன் மனைவி கழுத்தில் ஒற்றை முடிச்சுதானே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். மங்களம் தாலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டு தலையைக் குனிந்தாள், பாவம், அவளை இழுத்தது எனக்கே கஷ்டமாக இருந்தது. உன் மாமா என்ன சொன்னார் தெரியுமா? “அக்கா, அது சடங்கு, இது சயன்ஸ்” என்றார். சயன்ஸாம்! பிறகு பிரியாணி வந்துவிட்டது, எல்லாரும் வரிசையில் போய் நின்றார்கள். நான் என் சட்டையை அவர் மேசையில் போட்டுவிட்டு நவமணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளை மரத்திலிருந்து எடுத்துத் தனியாகப் போடும்படி உனக்குச் சொல்லப் போவதாக மாமா அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நீ எடுக்கக் கூடாது. எனக்குப் பக்கத்தில், பத்துமலைக்குக் கீழே, அவள் கட்டம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மரியாதையாகவே எழுது, அவர் உனக்கு மாமா, ஆனால் முடியாது என்று எழுது. ஒரு குடும்பத்தின் பேரால் சங்கம் வைத்தால், அந்த வீட்டில் தின்று வளர்ந்து, அந்த வீட்டுச் சாவுக்கு அழுதவர்கள் எல்லாருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். எச்சில் ஆராய்ச்சிதான் முக்கியம் என்றால் எச்சில் சங்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும், என் தாத்தா பெயரை விட்டுவிடட்டும்.

என் கோபம் இத்தோடு போயிருக்கும் ஷாமினி. நேற்று முன்தினம் அம்மாவின் திதி. ஒவ்வொரு வருஷமும் நவமணி விடிவதற்குள் பின்கதவு வழியாக வந்து, “என்னாக்கா அடுப்படிய இப்படிப் போட்டு வெச்சிருக்க” என்று என்னைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். இந்தத் தடவை வெகு நேரம் ஆளைக் காணோம். முன்பக்கம் எட்டிப் பார்த்தால், கையில் வாழையிலைக் கட்டோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். “அக்கா, நான் உள்ள வரலாமா?” என்று கேட்டாள். நம் வீட்டில், எங்கள் அம்மாவின் திதிக்கு, என் தங்கை என்னிடம் கேட்கிறாள். ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன்.

சாமி உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நினைத்ததெல்லாம் நடக்கட்டும். காலுறை போடாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே சித்தியைக் கூப்பிடு. கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, ஆறுதலும் சொல்லாதே, எப்போதும் போல அவளிடம் சண்டை போடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
கலாதேவி