மஞ்சளியின் வெள்ளைக் குட்டி

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

உங்கள் நாய் மஞ்சளி ஈன்று எட்டு வாரம் ஆகிறது. நான்கு குட்டிகள். இரண்டு சாம்பல் புள்ளி, ஒன்று தாயைப் போல இளமஞ்சள், ஒன்று சுத்த வெள்ளை. வெள்ளைக்குக் காது கேட்கவில்லை. மஞ்சளியை என் புள்ளி ஆண் நாயோடு சேர்த்தது நான்தான்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் பொமரேனியன்களையெல்லாம் என் கோவிந்தாபுரம் நாய்க்குட்டிக் கடை வழியாக நல்ல இடம் பார்த்துக் கொடுத்துவிட்டேன். எருத்தேன்பதி வீட்டில் அக்காவுக்குத் துணையாக மஞ்சளி மட்டும் நின்றது. அதையாவது சும்மா விட்டிருக்கலாம்.

நமக்குள் இருந்த ஒரே தகராறு நிறம்தான், இல்லையா? இனத்துக்கென்று எழுதிவைத்த நிறப் பட்டியலில் இல்லாத குட்டி பிறந்தால் நீங்கள் காசு வாங்காமல் யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள். நான் அதே நிறத்தை 'அபூர்வம்' என்று போட்டு இரண்டு பங்கு விலைக்கு விற்பேன். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் ஆட்களும் என் ஆட்களும் மாறிமாறி ஏசிக்கொள்வார்கள். 'நாயி நாயிதானுங்க மச்சான், வாங்கறவன் கேக்கறான், நாம கொடுக்கறோம்' என்பது என் கட்சி. இருபது வருஷம் அதை வைத்துத்தான் கடையைக் கட்டினேன்.

ஒருநாள் கடைக்கு வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "மாப்ள, நீ எதை வேணா எதுகூட வேணா சேத்து. மஞ்சளிக்கு மட்டும் உன்ர புள்ளிக் கடுவனைச் சேத்தீராத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. என் புள்ளிக் கடுவனுக்கு வந்த கிராக்கி உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எதைப் பார்த்தாலும் முதலில் போட்டியைப் பார்க்கிற புத்தி. நீங்களும் விளக்கிச் சொல்லவில்லையே மச்சான். கேட்டால் சொல்லியிருப்பீர்களா?

குட்டிகளுக்கு நாலு வாரம் ஆனதும் காது பார்த்தேன். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். நான்கும் துள்ளின. திருப்தியாக வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரமே மஞ்சள் குட்டியை ஒரு டெம்போக்காரருக்குக் கொடுத்தும்விட்டேன்.

அக்காதான் கண்டுபிடித்தாள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தட்டிக் கூப்பிட்டால் இரண்டு ஓடிவருகின்றன, வெள்ளை மட்டும் தூங்குகிறது. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "தட்டைப் போட்டா தரை அதிரும், அது காலுக்குத் தெரிஞ்சிரும்டா தம்பி. உங்க மச்சான் சாவிக்கொத்தைக் காத்துலதான் ஆட்டுவாரு." ஆட்டினோம். சாம்பல் இரண்டும் திரும்பின. வெள்ளை என் செருப்பைக் கடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு உங்கள் போனைத் திறந்து காட்டினாள். பிறந்த மூன்றாம் நாளே ஒவ்வொரு குட்டியையும் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதில் மஞ்சளியும் இருக்கிறது. இடது காதில் விரலால் சாம்பல் இழுத்த மாதிரி ஒரு தடம். வளர வளர அது மஞ்சளுக்குள் மறைந்துவிட்டது. மாட்டு டாக்டரிடம் கேட்டேன். அந்தத் தடமும் புள்ளிதான், வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கிறது என்றார். புள்ளி ஒரு பக்கத்திலிருந்து வந்தால் அழகோடு போய்விடும், தாய் தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால் காதையோ கண்ணையோ கொண்டுபோகும் என்றார். உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்கு விலை தெரிந்திருந்தது.

அந்த டெம்போக்காரரைப் பிடித்தேன். பொள்ளாச்சியில் யாருக்கோ கைமாற்றிவிட்டாராம், பேர் தெரியாதாம். அந்தக் குட்டிக்குள்ளும் புள்ளி ஒளிந்திருக்கலாம். வெறும் மஞ்சள் என்று நம்பி யாராவது ஒரு புள்ளிக் கடுவனைச் சேர்ப்பார்கள். நான் எங்கே போய்த் தேட?

வெள்ளையைக் கேட்டிருந்தவர் சூரியநெல்லியில் தங்கும் விடுதி நடத்துகிறவர். உண்மையைச் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்பார் என்று பார்த்தேன். "காது கேக்காட்டி என்னண்ணே, வர்றவங்க போட்டோ எடுக்கத்தானே? வெலையக் கொஞ்சம் கொறைங்க," என்றார். ஜீப் பின்னால் வந்தால் தெரியாதே என்றேன். கட்டிப் போட்டுக்கொள்வாராம். "அடுத்த ஈத்துலயும் இதே மாதிரி ஒண்ணு எடுத்து வைங்கண்ணே, ஜோடியா நின்னா நல்லாருக்கும்."

வாங்கறவன் கேக்கறான். என் வார்த்தை என்னிடமே திரும்பி வந்து நின்றது மச்சான். கொடுக்க மாட்டேன் என்றதும் கோபமாகப் போனை வைத்துவிட்டார். நாலாம் நாள் ஒரு படம் அனுப்பினார். வேறு யாரிடமோ வாங்கிய வெள்ளைக் குட்டி. 'இதுக்குக் காது கேக்குமாண்ணே, எப்புடிப் பாக்குறது?' என்று கேட்டிருந்தார். சாவிக்கொத்தைக் காற்றில் ஆட்டச் சொல்லி எழுதினேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக்கோடு காட்டுகிறது.

குழுவில் நடந்ததை அப்படியே போட்டேன். உங்கள் ஆட்கள் 'அப்பவே சொன்னோம்' என்றார்கள். என் ஆட்கள், கடுவனை விற்கிற எண்ணம் உண்டா என்று தனியாகக் கேட்டார்கள். மூன்று பேர்.

மற்றவர்களை நிறுத்த என்னால் ஆகாது. என் வாசலுக்குள் இருப்பதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். நேற்றுக் காலை அக்காவோடு பேசி முடித்தாயிற்று. மஞ்சளிக்கு இனி ஈற்று கிடையாது. அதற்கும் என் கடுவனுக்கும் ஒரே நாளில் கருத்தடை ஆபரேஷன். சாம்பல் குட்டிகள் இரண்டும் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் வீட்டை விட்டுப் போகும். வெள்ளை அக்காவிடம் இருக்கும், விலை இல்லை. அது ரோட்டுக்கு ஓடாமல் இருக்க கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் என் பொறுப்பு. ஞாயிறு தவறாமல் நான் வந்து, தரையை இரண்டு தட்டுத் தட்டி அதைக் கூப்பிட்டு, என் கையால் சோறு வைக்க வேண்டும்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
உங்கள் சம்சாரத்தின் தம்பி