வெற்றுக் கதிரையும் நான்காம் பந்தியும்

ஆவணி 8, வெள்ளி

கச்சான் காற்று. என் சட்டக் கந்தோர் மேசையில் தாள் நிற்கவில்லை. கொழும்பு வார இதழில் விமர்சனம் வந்துவிட்டது! தங்கை ஜெனிற்றாவும் மீளக்குடியேறிய பெண் பிள்ளைகளும் தொடங்கிய காற்பந்து அணியைப் பற்றிய படத்துக்கு, அதாவது எங்கள் வீட்டுக் கதைக்கு, அரைப்பக்கம். மூன்று முறை நிதானமாக வாசித்தேன். நான்காம் முறை எழுந்து நின்று.

விமர்சகர் கூற்று: "மகளின் ஆட்டத்துக்கு ஒருநாளும் வராத தகப்பனின் வெற்றுக் கதிரையே படத்தின் உயிர்." பாதகமான ஒரே கருத்து, இரண்டாம் பாதி நீளம். ஏற்கத்தக்கது.

போட்டோப் பிரதி 10. இயக்குநருக்கு அழைப்பு. அப்பாவிடம் எப்படிக் காட்டுவது?

அந்தக் கதிரை, படத்தின் உண்மைக்குச் சான்றாக நான் ஒப்பமிட்டுக் கொடுத்த சத்தியக்கடதாசியில் நிற்கிறது. பந்தி 4: "தகப்பனார் எந்த ஆட்டத்தையும் பார்த்ததில்லை." ஜெனிற்றா சொன்னது. அப்பாவைக் கேட்கவில்லை. ஞாயிறு கோயில் பங்கு மண்டபத்தில் படத்தை ஊருக்கே காட்டுகிறார்கள். அப்பாவுக்கு முன்வரிசை.

ஆவணி 9, சனி

மு.ப. 7. விடத்தல்தீவு வீடு. பிரதியை அப்பா தாமாகவே எடுத்து வாசித்துவிட்டார்.

"லோயர் தம்பி, நான் பாக்கேல்லை எண்டு ஆர் சொன்னது?"

"மைதானத்திலை உங்களை ஒருத்தரும் காணேல்லை அப்பா."

"கடலிலை தேடினவையோ?"

கரை மைதானத்துக்கு நேரே வள்ளத்தை நங்கூரமிட்டு, வலை போடாமல், எல்லா ஆட்டமும் பார்த்திருக்கிறார். காரணம்: "பொம்பிளைப் பிள்ளை பந்தடிக்கக் கூடாது எண்டு பங்குச் சுவாமிக்கு முன்னாலை சொல்லிப்போட்டன். பிறகு என்னெண்டு வந்து நிக்கிறது?"

சான்று கேட்டேன். தொழிற் பழக்கம்.

"அரையிறுதியிலை கோல் அடிச்சிட்டுக் கடலைப் பாத்துக் கை காட்டினவள். நானும் தொப்பியை ஆட்டினனான்."

ஜெனிற்றா அடுப்படியிலிருந்து வந்தாள். "நான் சும்மா காட்டினன்... அந்த நீல வள்ளம் நீங்களோ?"

"வேறை ஆர், நேவியோ?"

உள்ளே போனவள் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. தேநீரும் இல்லை.

ஆவணி 10, ஞாயிறு

இயக்குநருக்கு அறிவித்தேன். "ஐயோ அண்ணை, முதலே தெரிஞ்சிருந்தா!" தவறு முழுவதும் என்னுடையது. மறு தரப்பைக் கேளாமல் சத்தியம் செய்திருக்கிறேன்.

பி.ப. 4. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி. வாசல்வரை சனம். கொழும்பு விமர்சகரும் வந்திருந்தார். திரையில் வெற்றுக் கதிரை. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அப்பா எழுந்தார்.

"கமெராவைக் கடல் பக்கம் திருப்படா தம்பி! நான் அங்கையெல்லோ நிக்கிறன்!"

விசில், கைதட்டல், சிரிப்பு. விமர்சகர் இருட்டில் பேனா தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன். ஜெனிற்றா எழுந்து கை காட்டினாள். அப்பாவிடம் தொப்பி இல்லை. சால்வையை ஆட்டினார்.