நடக்கக்கூடிய தூரம்

செவ்வாய், ராத்திரி

எந்த பஸ்ஸை நிறுத்தினால் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டும் இணையதளம். நான் செய்தது. அதை வைத்து அறிக்கை எழுதப்போகிற ஆய்வாளர் செல்வி மேடத்திடம் இன்று சிவகங்கை ஆபீசில் காட்டினேன். கொட்டாவி விட்டார்.

"எதை நிறுத்துறதுன்னு மேல முடிவாகிருச்சு தம்பி. யாருக்கும் பாதிப்பில்லைன்னு வரணும். அதுக்கு என்ன போடணும்னு இது சொல்லுமா?"

இது எனக்கு முதலிலேயே தோன்றவில்லையே என்றுதான் எரிச்சல் வந்தது. மத்தியானத்துக்குள் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தேன். அழுத்தினார். அடுத்த பஸ் ஸ்டாப்புக்கு 'நடக்கக்கூடிய தூரம்' ஒரு கிலோமீட்டரிலிருந்து தானாகவே நாலுக்குப் போனது. பாதிப்பு பூஜ்யம்.

"இப்பத்தான் எங்க தேவை புரிஞ்சு செஞ்சிருக்கீக" என்று காபி வரவழைத்தார். குடித்தேன்.

நிறுத்தப்போகிறதில் எங்கள் ஊர் பஸ்ஸும் ஒன்று. கண்டரமாணிக்கத்துக்கு அம்மா மூட்டுவலி வைத்தியத்துக்குப் போகிற பஸ். ரூமுக்கு வந்ததும் ஊரில் இருக்கிற அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அய்யோ, அப்ப நான் எப்படிப்பா போறது?"

"நடக்கிற தூரம்தானேம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயில் அதுவாக வந்தது.