ஆளுக்கு நாலு வரி

ஜூன் 4

பாட்டுக்காரருக்கு,

நலமா? மூன்று வருடமாகக் கேட்காதவள் இப்போது கேட்கிறாளே என்று பயப்பட வேண்டாம், காரியமாகத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். ஆண்டு விழாவில் இசை நாடகம் போட்டே தீருவது என்று தலைமையாசிரியைக்குப் பிடிவாதம். "பாட்டுக்காரர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாததா?" என்று அதை என் தலையில் கட்டிவிட்டார். நாம் தனித்தனியாக இருப்பதை அவரிடம் சொல்லவில்லை. நீச்சல்காரரைக் கட்டிக்கொண்டவளுக்கு நீந்தத் தெரிந்துவிடுமா?

மொத்தம் இருபத்தாறு பிள்ளைகள். ஒருவர்கூட மேடை ஏறியதில்லை. ஆளுக்கு ஒரு வரி பாடச் சொன்னேன். ஐந்து பேர் பாடினார்கள், பன்னிரண்டு பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் சுவரைப் பார்த்தார்கள். இவர்களுக்குத் தோதாக ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

கணக்கு டீச்சர்

ஜூன் 11

டீச்சரம்மாவுக்கு,

நலமே. இடது முழங்கால் மட்டும் அவ்வப்போது தனி ஆவர்த்தனம் வாசிக்கிறது.

'ஏழாம் கடலின் அரசி'யை அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பட்டம் வாங்கித் தந்த நாடகம் என்பது உனக்கே தெரியும். பதினாறு பாட்டு. பிள்ளைகள் கொஞ்சம் மெனக்கெட்டால் போதும்.

பாட்டுக்காரன்

ஜூன் 20

பாட்டுக்காரருக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அரசி எங்களுக்குச் சரிப்படவில்லை. அவள் தனியாகவே ஒன்பது பாட்டுப் பாடுகிறாள். வேஷத்துக்கு நின்ற பெண் மூன்றாம் பாட்டில் தண்ணீர் கேட்டாள். ஐந்தாம் பாட்டில், "மிஸ், அரசி இப்பவே செத்துட்டா பரவாயில்லையா?" என்று கேட்டாள். மற்ற இருபத்தைந்து பேருக்கு ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. ஒரு பையனுக்குக் குரல் உடைகிறது. ஒரே வரியை மூன்று ஆளாகப் பாடுகிறான்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். கீபோர்டை வைத்து ஒவ்வொருவருக்கும் எங்கே தொடங்கி எங்கே தொண்டை அடைக்கிறது என்று குறித்தேன். எல்லோருக்கும் பொதுவாக வருவது ஆறே சுரம்.

ஆறு சுரத்துக்குள் ஒரு நாடகம் பீரோவின் அடித்தட்டிலேயே இருந்தது. உங்கள் முதல் நாடகம், 'பஸ் வரவில்லை'. நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் ஆளுக்கு நாலு வரி பாடுகிறார்கள். கிழித்துப்போடச் சொன்னீர்கள், நான் போடவில்லை. அதை மேடையேற்றட்டுமா?

கணக்கு டீச்சர்

ஜூன் 27

டீச்சரம்மாவுக்கு,

வேண்டாம். பெயர்பெற்ற பாடகர்கள் பாடியே மூன்றாம் நாள் படுத்துவிட்ட நாடகம். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. உன் பிள்ளைகளை வைத்து என் மானத்தை இரண்டாம் தடவை வாங்காதே. வேறு யாருடையதையாவது போட்டுக்கொள்.

பாட்டுக்காரன்

ஜூலை 5

பாட்டுக்காரருக்கு,

உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒத்திகையைத் தொடங்கிவிட்டேன்.

பெயர்பெற்றவர்கள் பாடியதால்தான் அது படுத்தது. நாலு வரி அவர்களுக்குப் போதவில்லை. ஆளாளுக்கு இழுத்தார்கள், பஸ் வருவதற்குள் கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு நாலு வரியே மலை. ஏறி முடித்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் சுவரைப் பார்த்தவர்களில் ஒரு பெண்ணுக்குக் குடைக்காரி வேஷம் கொடுத்தேன். பாட வேண்டாம், வசனமாகச் சொன்னால் போதும் என்றேன். நேற்று அவள் வாய் தானாகவே பாட்டுக்குப் போனது. அத்தனை பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான் எங்களைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அந்த நாடகம் படுத்த பிறகு நீங்கள் வீட்டில் வாய்விட்டுப் பாடியதே இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பெரிது பெரிதாகப் போட்டீர்கள். எனக்குப் பிடித்தது இதுதான், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உங்களோடு சேர்ந்து நானும் அதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல். கடைசிப் பாட்டு மட்டும் ஆறைத் தாண்டி எட்டாம் சுரத்துக்கு ஏறுகிறது, முதலில் நான் கவனிக்கவில்லை. பிள்ளைகளுக்கு மூச்சு நிற்கவில்லை. மெட்டை மாற்றக் கணக்கு டீச்சருக்குத் தெரியாது.

கணக்கு டீச்சர்

ஜூலை 12

டீச்சரம்மாவுக்கு,

ஒரு வாரம் உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள்தான் தாக்குப்பிடித்தது.

கடைசிப் பாட்டை இறக்கி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எட்டாம் சுரம் அங்கே தேவையே இல்லை. வயசுக் கொழுப்பில் வைத்தது. குரல் உடையும் பையனைக் கண்டக்டராகப் போடு. கண்டக்டர் குரல் எப்படி இருந்தாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குடைக்காரிக்கு எந்தச் சுரம் சுகமாக வருகிறது என்பது தாளில் புரியாது, காதால் கேட்க வேண்டும். சனிக்கிழமை வரலாமா? லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன்.

பாட்டுக்காரன்

ஆகஸ்ட் 24

பாட்டுக்காரருக்கு,

ஐந்து சனிக்கிழமை வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவர், விழா முடிந்ததும் சொல்லாமல் போய்விட்டீர்கள். பிள்ளைகள் உங்களை அரங்கம் முழுக்கத் தேடினார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

கண்டக்டர், "ஏறுங்க" என்று பாடும்போது குரல் கீச்சென்று போனதே, அப்போது எனக்கு உயிரே போய்விட்டது. அவன் நிதானமாக மறுபடி அதே மாதிரிக் கீச்சிட்டான். வேண்டுமென்றே செய்தான் என்று நினைத்து அரங்கமே கைதட்டியது. இப்போது அவன் பள்ளியில் பெரிய ஆள்.

யாரும் குறட்டை விடவில்லை. நான் முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை மட்டும் பின்னால் திரும்பினேன். கதவோரம் நின்று எல்லாருடைய நாலு வரியையும் நீங்கள் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தீர்கள்.

பாட்டு டீச்சருக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

வருகிற சனிக்கிழமை ஒத்திகை எதுவும் இல்லை. இருந்தாலும் வாருங்கள். லாட்ஜில் அறை போட வேண்டாம்.

கணக்கு டீச்சர்