கிளினிக்குக்குப் போகாத கண்டக்டர்

இரத்தோட்டை

அன்புள்ள அஜந்தனுக்கு,

அங்கே நீ சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன், இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உனக்குக் கடிதம் எழுத நான் யார் என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். உன் அம்மா இறந்தபிறகு இந்த வீட்டுக்கு வந்தவள், உன்னைவிட ஏழு வயதுதான் மூத்தவள், உன்னிடம் நிமிர்ந்து பேசியதே இல்லை. போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு வார்த்தை வராது, அதனால் லீவு முடிந்து தோஹா திரும்பும், பக்கத்து வீட்டுப் புஷ்பவதியின் மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ஏற்பாடு செய்தபடி ரத்தம் எடுக்க ஆள் வீட்டுக்கே வருகிறான், மருந்தும் ஓட்டோவில் வருகிறது. அந்தத் தோட்டத்து லயத்துக் கூட்டத்தோட எதுக்குப்பா குந்திக்கிட்டு இருக்கீங்க, நோய்தான் ஒட்டும் என்று சொல்லி அப்பா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினாய். கிளினிக் நாளில் அப்பா விடியவே முகம் மழித்து நடந்தே போவார். எல்கடுவைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் வயசாளிகளுக்குச் சிங்களம் தெரியாது. டொக்டர் சொன்னதைத் தமிழில் சொல்லி, காலைக் குளிசை எது, இரவுக் குளிசை எது என்று கவரில் அடையாளம் போட்டுக் கொடுப்பார். ரத்தத்தில் சீனி கூடியவர்களை, கண்டக்டராக இருந்த காலத்தில் பஸ்ஸில் ஏசியதுபோலவே ஏசுவார், ஏசிய வாய்க்குப் பயந்தே தன் சீனியையும் கட்டுக்குள் வைத்திருந்தார். இப்போது பகலெல்லாம் படுக்கை, முகத்தில் வாரக்கணக்கில் தாடி. சீனி ஏறிய ரிப்போட் உன் போனுக்குத்தானே வருகிறது? மருந்தைக் கூட்டச் சொன்னாய், ஏன் ஏறியது என்று கேட்டாயா?

போன மாதம் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம் எல்கடுவை அழகாயி அக்கா கிளினிக் முடிந்து நேரே நம் கேட்டுக்கு வந்தாளாம், புஷ்பவதி பார்த்திருக்கிறாள். பிரஷர் குளிசையை மாற்றியிருந்தார்கள், பழையதை விடுவதா என்று கேட்க வந்தவள். என்னா கண்டக்டரே, மகன் ஒங்கள பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டானாமே, தொறங்க, மூச்சு முட்டிறப் போகுது என்று அவள் சொல்ல, அப்பாவும் சிரித்திருக்கிறார். கேட்டில் கை வைத்ததும், சுவரில் நீ பொருத்திய கெமராவிலிருந்து உன் குரல் வந்ததாம், யாருப்பா அது, கண்டவங்கள உள்ள எடுக்காதீங்க என்று. சரிங்க தம்பி, போறேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்கி, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் மயங்கி விழுந்து, இடுப்பு உடைந்து படுத்திருக்கிறாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை.

கண்டவங்க என்றாயே, அந்த வரிசையில் என் அம்மாவும்தான் குந்தியிருக்கிறாள். மகள் பட்டதாரி என்று லயக் காம்பரா சுவரில் என் படத்தை மாட்டி வைத்திருக்கிறாள், மருந்துக் கவரை வாசிக்க அவளுக்குத் தெரியாது. உனக்கு வசதி இருக்கிறது, அப்பாவுக்கு மருந்து வாசலுக்கு வருகிறது, இருந்தும் அவருக்குச் சுகமில்லை. அவர்களுக்காகப் பேச இருந்த ஒரே வாயையும் அடைத்துவிட்டாய். இதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதே, எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வெயிலில் வேலை என்றால் தண்ணீர் நிறையக் குடி. அடுத்த மாதம் உன் அம்மாவின் திவசம், மறந்துவிடாதே. கோபத்தோடு எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் போகச் சொன்னால், மகன் வேணாம்னுட்டானே என்கிறார். அடுத்த கிளினிக்குக்கு முன் நீயே அவரைக் கூப்பிட்டு, போய்ட்டு வாங்கப்பா என்று சொல். உனக்கே தோன்றிச் சொல்வதுபோலச் சொல், நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
சின்னம்மா கலாராணி